லிஃப்ட்ல ஆள் கீது, மறுபடியும்

எங்கள் கார்ட்டூனை மறுபடியும் எடுக்கலாமா என்று கேட்டு ஒரு கம்பெனிக்காரர் போன் செய்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினேன். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்தத் தம்பி, "மேடம், டேக் யுவர் டைம்" என்றார். நான் திருத்தவில்லை. நம்மைப் பற்றி யாராவது நல்லபடியாக நினைத்தால் அதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் என் தம்பியும் சேர்ந்து இணையத்தில் ஒரு கார்ட்டூன் தொடர் போட்டோம். பெயர் 'லிஃப்ட்ல ஆள் கீது'. நான் எழுதுவேன், அவன் வரைந்து அசைய வைப்பான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அதில் வியாசர்பாடியிலிருந்து குடிவந்த ஒரு குடும்பம். கற்பனை செய்ய நாங்கள் ரொம்ப தூரம் போகவில்லை. அந்தக் குடும்பம் நாங்கள்தான்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ரிட்டயர் ஆனதும் பி பிளாக் மூன்றாவது மாடியில் இந்த வீட்டை வாங்கினார். உயரத்தில் உட்கார்ந்தே பழக்கப்பட்டுவிட்டதாம், தரைத்தளம் வேண்டாம் என்றுவிட்டார். மற்ற வீடுகளில் மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று பல ஊர்க்காரர்கள், பாதிப் பேர் ஐ.டி. வேலை. அந்தக் கட்டடத்தில் மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். ஆனாலும் வெளியூர்க்காரர்கள் மாதிரி ஆனதும் நாங்கள்தான். நாங்கள் பேச ஆரம்பித்தால் லிஃப்ட்டில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சில பேர் சிரிப்பார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சினிமா காமெடியில் கேட்ட பாஷை பக்கத்தில் நிற்கிறதே என்ற சிரிப்பு.

குடிவந்த முதல் வாரம் அசோசியேஷன் செயலாளர் நைனாவிடம் கேட்டார்.

"சார், உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"வியாசர்பாடி சார்."

"அதுக்கு முன்னாடி? பூர்வீகம்?"

"அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி சார். அங்கதான் பொறந்தேன்."

அவர் கேட்டது ஊரை இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நைனாவுக்கு நன்றாகவே தெரியும். செயலாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், விடை கிடைக்காத முகத்தோடு. வீட்டுக்கு வந்து நைனா இதைச் சொன்னபோது தம்பி கையிலிருந்த பேப்பரில் செயலாளரின் மீசையை வரைந்துவிட்டான். அதுதான் முதல் எபிசோடு.

தம்பி எங்களை எங்கள் நிறத்திலேயே வரைந்தான். நைனாவின் முழங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அந்தக் கலரைக் கலந்தான். "ஏன் ப்ரோ இவ்வளவு கறுப்பு?" என்று பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள். "வெயில்ல நின்னு வாங்குன ஊடு ப்ரோ" என்று இவன் பதில் போட்டான்.

குரல் எல்லாம் நாங்களே. தம்பி செயலாளராகப் பேசுவான், நான் மற்ற பெண்களுக்குப் பேசுவேன், நைனாவாக நைனா. அவருக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை, ஒவ்வொரு எபிசோடிலும் தனக்கு வசனம் குறைவு என்று சண்டைக்கு வருவார். ஆனால் ஜனங்கள் கேட்டது அம்மாவின் குரலைத்தான். அம்மா கத்த மாட்டாள், இழுக்க மாட்டாள். காய்கறிக்காரரிடம் பேசுகிற அதே குரலில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு வரிக்குப் பிறகு செயலாளர் எழுந்திருக்க நாலு நிமிஷம் ஆகும்.

ஸ்டூடியோ என்று எங்களுக்கு இருந்தது அம்மாவின் பீரோ. வெறும் அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி எதிரொலிக்கும். பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே மைக்கைக் கட்டி, தலையை உள்ளே விட்டுப் பேசினால் சுத்தமாகப் பதியும். அந்துருண்டை வாசனை தலைக்கேறும், அது வேறு விஷயம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைதான் வேலை. மற்ற நேரமெல்லாம் தண்ணீர் லாரி வரும், ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று அடிக்கும்.

அம்மாவிடம் இன்னொரு சிக்கல். கதை முழுவதும் தெரிந்துவிட்டால் தன் வரி வருவதற்கு முன்பே சிரித்துவிடுவாள், பீரோவே ஆடும். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கதையைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வரியாகக் காதில் சொல்வேன், அவள் பீரோவுக்குள் அதைத் திருப்பிச் சொல்வாள். எந்த வரி எந்தக் காட்சிக்கு என்று எனக்குத்தான் தெரியும். எபிசோடு வந்த பிறகு பார்த்துச் சிரித்துக்கொள்வாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக என்னை நானே ரொம்ப நாள் மெச்சிக்கொண்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒருநாள் அம்மா கீரைக்கட்டோடு லிஃப்ட்டில் வந்திருக்கிறாள். முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர் அக்கா உள்ளே நின்றிருக்கிறார். அம்மாவைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "ஏனுங்கம்மா, நீங்க எந்த வீட்ல வேலை செய்யறீங்க? எங்க வீட்டுக்கும் வர முடியுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "நேரம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து கீரையை ஆய்ந்துகொண்டே இதைச் சொன்னாள். "நான் சொந்த ஊடுன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மூஞ்சி தொங்கிப் போயிருக்கும். புதுசா வந்துகீது, பாவம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அவள் அன்றோடு மறந்துவிட்டாள். நான் பேனாவை எடுத்தேன்.

என் கதையில் அம்மா, "நேரம் இல்லை" என்று சொல்லவில்லை. பேசாமல் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். அதே வீட்டில் அசோசியேஷன் மீட்டிங், நைனா வெள்ளை வேட்டியில் வந்து சோபாவில் உட்காருகிறார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தட்டில் காபி எடுத்துவந்து எல்லாருக்கும் கொடுக்கிறாள், நைனாவுக்கும் கொடுக்கிறாள். நைனா திருதிருவென்று விழிக்கிறார். அதுதான் உச்சக்கட்டம். தம்பி அந்த விழியை மட்டும் இரண்டு நாள் வரைந்தான்.

பீரோ முன்னால் நான் வரியைச் சொன்னேன். அம்மா திருப்பிச் சொன்னாள். "பாத்திரம் மட்டும்தானாம்மா, துணியும் கீதா?" சொல்லிவிட்டுத் தலையை வெளியே எடுத்தாள்.

"இத்த நான் யார் ஊட்ல கேக்குறேன்?"

"நம்ம ஊட்லதாம்மா. என்னத்தான் கேக்குற."

வாய் கூசாமல் சொன்னேன். அவளும் நம்பினாள்.

அதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த எபிசோடுதான். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். கோயம்புத்தூர் அக்கா நின்றிருந்தார், கையில் போன், கண்ணெல்லாம் சிவந்து.

"அம்மா, இது நான்தானுங்க. அன்னிக்குத் தெரியாம கேட்டுப்போட்டேன். மன்னிச்சிருங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த எபிசோடை அவள் பார்த்திருக்கவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லி நான் தள்ளிப்போட்டிருந்தேன். அக்கா போனை நீட்டினார். அம்மா நின்றபடியே முழுவதையும் பார்த்தாள். காபித் தட்டு வரும் இடத்தில் கூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்து, "உள்ள வாம்மா, குந்து" என்று சொல்லி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகுதான் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணா நகர்ல நாலு ஊட்ல பாத்திரம் தேச்சேன். பதினாறு வர்சம். ஒரு நாள்கூட யாரும் என்னப் பாத்து சிரிச்சதில்லடி. நீ ஊரையே சிரிக்க வச்சிட்ட."

நான் அவளைக் கேலி செய்யவில்லை, அந்த அக்கா மாதிரி ஆட்களைத்தான் கேலி செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் காபித் தட்டுக்கு ஏன் சிரிப்பு வந்தது? எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? அம்மாவின் வேலையைப் பார்த்து. அதை அங்கே வைத்தது நான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலும் சரி, காலேஜிலும் சரி, அம்மா என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும், "வீட்லதான் இருக்காங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். எந்த வீட்டில் என்று நான் சொன்னதில்லை. கார்ட்டூனில்கூட அம்மா பாத்திரத்துக்கு அப்படி ஒரு பழைய வேலை இருந்ததாக ஒரு வரியும் எழுதியதில்லை. அவளுடைய பதினாறு வருஷத்தை மறைத்து வைத்திருந்துவிட்டு, முதல்முறையாக வெளியே எடுத்தபோது ஜோக்காக எடுத்தேன்.

அம்மா அன்றைக்குப் பீரோவைப் பூட்டினாள். அந்தப் பீரோவுக்குச் சாவி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சண்டை போடவில்லை, பேசாமல் இருக்கவும் இல்லை, மறுநாள் எனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்தாள். மைக் பக்கம் மட்டும் வரவில்லை. அந்த எபிசோடை எடுத்துவிட்டோம், தொடரையும் நிறுத்திவிட்டோம். கேட்டவர்களிடம் தம்பிக்கு வேலை அதிகம் என்று சொன்னோம். கோயம்புத்தூர் அக்கா அம்மாவுக்கு நெருங்கிய சிநேகிதி ஆகிவிட்டார், இன்றைக்கும் இரண்டு பேரும் ஏரிக்கரையில் சேர்ந்துதான் நடக்கிறார்கள். மன்னிப்பு கேட்டவர் அவர். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் வேறு ஏதாவது பேசினேன்.

பத்து வருஷம் கழித்து இந்தப் போன். தம்பிக்குச் சொன்னேன். இப்போது அவன் பட்டாபிராமில் தனி வீடு, தனிக் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலைப் பிடித்துத் திருமுல்லைவாயிலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்து நின்றான், பல் மட்டும்தான் தேய்த்திருந்தான். நைனா அதற்குள் போனை எடுத்தாலே கார்ட்டூன் குரலில் "அல்லோ" சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்கள் மூன்று பேருக்கும் ஆசை. ஆனால் அம்மா இல்லாமல் அந்தக் கார்ட்டூன் இல்லை என்பதும் மூன்று பேருக்கும் தெரியும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் பாக்கி.

நைனா தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு போய்ப் பீரோ கதவின் கீலில் விட்டார்.

"கதவு கிறீச்னுது, அதான்."

"எண்ணெ உட்டா பீரோதான் தொறக்கும்" என்றாள் அம்மா. "என் வாய் தொறக்காது."

கம்பெனிக்காரருக்கும் சில யோசனைகள் இருந்தன. நிறத்தைக் கொஞ்சம் லைட்டாக்கலாமாம். பேச்சு எல்லா ஊருக்கும் புரிகிற மாதிரி இருக்கலாமாம். அம்மாவுக்கு நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு நடிகையைப் போடலாமாம், மாதிரிக்கு ஒன்று பதிந்தும் அனுப்பியிருந்தார். அதைப் போட்டுக் கேட்டோம். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினார், ஒவ்வொரு "கீது"வையும் ஒரு கிள்ளுக் கிள்ளி ஜோக்காக்கிவிட்டுத்தான் விட்டார். நைனா, "உப்பு போடாத கஞ்சி" என்றார். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நடிகை பேசிய இடத்தில் மட்டும் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

தம்பி கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். நிறம் மாறாது, குரல் மாறாது. அவர்கள், சரி, பழைய குரலிலேயே ஒரு எபிசோடு அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார்கள். குரல் விஷயத்தில் அதற்கப்புறம் இறங்கிவந்துவிட்டார்கள். நிறத்தைப் பற்றி இதை எழுதும்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தம்பி ஒவ்வொரு தடவையும் நைனாவின் முழங்கையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறான்.

ஆனால் அன்றைக்கு எங்களிடம் பழைய குரல் இல்லை. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். அம்பத்தூரில் தமிழ் டீச்சர் நான், பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்திவிட்டு வந்து இந்த வசனமெல்லாம் எழுதுகிறவள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாவி பக்கத்தில் இருந்தது.

"அந்த நடிகைப் பொண்ணு என்ன மாரி பேசலடி. என்னப் பாத்து சிரிக்கிறவங்க மாரி பேசுது" என்றாள். "நானே பேசுறேன். ஆனா கத முழுசும் மொதல்ல சொல்லணும். காதுல ஓதுறதெல்லாம் இனிமே கெடையாது."

"சரிம்மா."

"மொத எபிசோடு அந்த லிஃப்ட் கததான்."

"அது வேணாம்மா."

"அதுதான் வோணும். நீயா எழுதாத. நான் சொல்றேன், நீ எழுது."

சொன்னாள். நான் டீச்சர், மாணவி மாதிரி தரையில் உட்கார்ந்து எழுதினேன். லிஃப்ட்டில் ஒரு பெண் கேட்கிறாள், அம்மா பதில் சொல்கிறாள், அவ்வளவுதான் அவள் கதை. மீட்டிங் இல்லை, தட்டு இல்லை, நைனாவே இல்லை. அதற்கு நைனா ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்குக் கீழ் வீட்டுக் கோயம்புத்தூர் அக்காவையே பேசச் சொல்லலாமா?" என்று தம்பி கேட்டான். அவர் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார்.

"வேணாம். பத்து வர்சமா அது வருத்தப்பட்டுகினு கீது. திரும்ப எதுக்கு அத்தக் கேக்க வைக்கணும்?" என்றாள் அம்மா. பிறகு என்னைக் காட்டினாள். "இவ கேக்கட்டும். இவதான எழுதுனா."

அடுத்த ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. தண்ணீர் லாரி போய்விட்டது. அம்மா பீரோவைத் திறந்தாள். அந்தப் பழைய அந்துருண்டை வாசனை. தம்பி புடவைகளுக்கு நடுவே மைக்கைக் கட்டினான். நைனா ஃபேனை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றார். முன்பெல்லாம் நான் வெளியே நிற்பேன், அம்மா மட்டும் உள்ளே தலையை விடுவாள். இந்த முறை இரண்டு பேரும் தலையை உள்ளே விட்டோம். அவள் கன்னம் என் கன்னத்தில் இடித்தது. அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. நீங்கள் எந்த வீட்டில் வேலை செய்கிறீர்கள்?

வாயைத் திறந்தேன். வரவில்லை. இரண்டாம் முறை, "நீங்க எந்த..." வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள் நான். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்த கேள்வி அது. அதை நானே, அவளிடமே கேட்க வேண்டியிருந்தது.

"இன்னாடி, ஒரு கேள்வி கேக்க இவ்ளோ நேரமா?" என்றாள் அம்மா. பிறகு இருட்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேளு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

கேட்டேன்.

"இப்ப எந்த ஊட்லயும் இல்லம்மா" என்று அம்மா காய்கறிக்காரரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள். "முன்ன அண்ணா நகர்ல நாலு ஊட்ல செஞ்சேன், பதினாறு வர்சம். சுத்தமா செய்வேன், யார வோணா கேட்டுப் பாரு. இப்ப மூணாவது மாடில எங்க சொந்த ஊடு கீது. புதுசா வந்துகீற, ஒண்டியா கீறியா? வா, வந்து குந்திட்டுப் போ. என் பொண்ணு காபி போடுவா."

கடைசி வரி நான் எழுதிய தாளில் இல்லை. அவள் எழுதச் சொன்னதிலும் இல்லை. அவள் அதைச் சொல்லவும் கீழே ஒரு லாரி, அன்றைக்கு மட்டும் நேரங்கெட்ட நேரத்தில், பீப் பீப் என்று ரிவர்ஸ் எடுக்கவும் சரியாக இருந்தது. தம்பி ஹெட்போனைக் கழற்றி, "கடைசி வரில லாரி வந்துடுச்சும்மா, ஒன்மோர் போலாமா?" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

"ஒரு தபாதான் சொல்லுவேன். லாரியும் கேக்கட்டும்."

நான் இன்னும் புடவைகளுக்குள்ளேயே நின்றேன். அழுதேன், அவளுடைய நல்ல புடவை ஒன்று நனைந்தது. "மன்னிச்சிடும்மா" என்றேன். மைக் ஓடிக்கொண்டிருந்ததா என்று இன்றைக்கும் தம்பியிடம் கேட்கவில்லை.

"அதெல்லாம் அப்பவே ஆச்சு" என்றாள் அம்மா. "வெளிய வா, பட்டுப் பொடவ. கீழ் வீட்டுப் பொண்ணையும் கூப்புட்டுகீறேன், வந்துகினு கீது. போ, போய் காபி போடு."

போய்க் காபி போட்டேன். ஐந்து டம்ளரையும் தட்டில் வைத்து நானே எடுத்துவந்தேன். முதல் டம்ளர் அம்மாவுக்கு.